என்ன கொழுப்பு!

சமீபத்தில் ஒரு பட்டிமன்றத்துக்குப் போயிருந்தேன். ஊரையும் பேரையும் விட்டுவிடலாம். 1857 பற்றிப் பேச்சு வந்தது. நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் எழுந்தார். 'தோட்டாவுல தடவுற கொழுப்பு பசுவோடதா, பன்றியோடதான்னு சண்டை போட்டு நாட்டையே ரணகளமாக்கினாங்களே... மசகு எதுவா இருந்தா என்னங்க, சுட்டாப் போதாதா? கொழுப்பு தோட்டாவுல இல்லீங்க, அவங்க உடம்புல!' என்றார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பரும் தட்டினார்.

நான் தட்டவில்லை. பெரிய தேசபக்தியெல்லாம் காரணமில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் திருமுக்கூடல் போய் வந்திருந்தேன்.

திருமுக்கூடல் தெரியுமா? காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். உத்திரமேரூர் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். கூடுகிற இடம் என்று பேர்தான், நான் போனபோது மணல்தான் கூடியிருந்தது. எதிர்க்கரையில் பழைய சீவரம். மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வருகிற ஊர்கள். மற்ற நாட்களில் இங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாளும் சில ஆடுகளும் மட்டும்.

அந்தக் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர் விடுதி, 15 கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரி நடந்திருக்கின்றன. வீரசோழன் ஆதுலசாலை என்று அதற்குப் பெயர். வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவைசிகிச்சை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை பறித்து வருகிறவர்களுக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு எவ்வளவு, எல்லாம் கல்லில் இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணெய் கூட ஒதுக்கியிருக்கிறார்கள். (நம் ஹாஸ்டல் வார்டன்கள் கவனிக்க.)

எனக்குப் பிடித்தது மருந்துப் பட்டியல். ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு என்னென்ன இருப்பு வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளவோடு எழுதியிருக்கிறார்கள். வெறுமனே 'தைலம்' என்று எழுதி முடிக்கவில்லை. ஆமணக்கு சேர்ந்தது தனி, பூண்டு சேர்ந்தது தனி. 'நெய்' என்றும் முடிக்கவில்லை. வில்வம் சேர்த்துக் காய்ச்சிய நெய் தனி, பழைய நெய் தனி. ஒருவன் உடம்பில் தேய்க்கப் போகிறோம், வாயில் ஊற்றப் போகிறோம் என்றால் அது என்ன எண்ணெய், என்ன நெய் என்று எழுதிவைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கிற மாதிரி கோயில் சுவரில் எழுதிவைக்க வேண்டும். ஏறக்குறைய 950 வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆற்றங்கரை ஊரில் இது தெரிந்திருக்கிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு பட்டிமன்றத்தார் சொன்ன தோட்டாவுக்கு வாருங்கள்.

முதலில் எதற்கு மசகு? பழைய துப்பாக்கியில் குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும். குண்டு குழலைவிடச் சின்னது. மேலே இருந்து போட்டால் உருண்டு உள்ளே போய்விடும். 100 கஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்பது சுட்டவனுக்கே தெரியாது. 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கி வேறு ஜாதி. குழலுக்குள் திருகாணி மாதிரி வரிப்பள்ளங்கள். குண்டு அதில் இறுக்கமாகச் சுழன்று வெளியே வந்தால்தான் நேராக, வெகுதூரம் போகும். இறுக்கமான குண்டை முன்பக்கமாகத் திணிக்க வேண்டும் என்றால் வழுக்கல் வேண்டும். கரிமருந்து எரிந்து குழலில் ஒட்டுகிற கசடு இளகவும் அதே மசகுதான்.

தோட்டா என்பது ஒரு காகிதச் சுருள். ஒரு முனையில் வெடிமருந்து, மறுமுனையில் குண்டு. குண்டு இருக்கிற பக்கத்தின் காகிதத்தை உருக்கிய மசகில் முக்கி எடுத்திருப்பார்கள். சிப்பாய் மருந்துப் பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, மிச்சத்தைத் திருப்பிச் செருகி, இரும்புக் கோலால் இடித்து இறக்க வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் தோட்டா. அதனால் பல். இதுதான் அந்தக் காலத்து டிரில்.

அப்படியானால் எந்த மசகு என்பது சாதாரண டெக்னிக்கல் கேள்விதான். நம் ஊரில் மாட்டுவண்டி வைத்திருந்த எந்தப் பெரியவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார். திருமுக்கூடலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

'ஐயா, அந்தக் காலத்துல அச்சுக்கு என்ன போடுவீங்க?'

'வண்டி மைதான் தம்பி. வைக்கோலைக் கொளுத்தி, கரியை விளக்கெண்ணெயில கொழைச்சுப் போடுவோம். வெயிலுக்கு எண்ணெய் மட்டும் நிக்காது, ஒழுகிடும். கரி இருந்தாத்தான் புடிக்கும்.'

இதே சிக்கல்தான் தோட்டாவுக்கும். வெறும் கொழுப்பு நம் வெயிலில் உருகி ஓடும். வெறும் தேன்மெழுகு குளிரில் கல்லாகும். இரண்டையும் கலந்தார்கள். மெழுகும் எண்ணெயும் கலக்கலாம், மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலக்கலாம், நெய்யைக்கூடப் போடலாம். கல்கத்தா கோட்டையில் மெழுகோடு கலந்தது 'டாலோ'. அதாவது உருக்கிய மிருகக் கொழுப்பு. எந்த மிருகம்?

எழுதவில்லை. இதுதான் விஷயம். காண்டிராக்டர் கொழுப்பு கொண்டுவந்து கொடுத்தார், ஆயுதக் கிடங்கு வாங்கிக்கொண்டது. 1857-ல் விவகாரம் வெடித்து விசாரணை வைத்தபோது கிடங்கு அதிகாரிகளைக் கேட்டார்கள்: இது என்ன கொழுப்பு என்று விசாரித்தீர்களா? இல்லை. பசுக்கொழுப்பு கலந்திருக்குமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டில் எத்தனை தோட்டா, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்று அளந்து வாங்கிய கம்பெனி, பத்து பைசா வித்தியாசத்துக்குக் காகிதத்தில் பத்து கையெழுத்து கேட்கிற கம்பெனி, சிப்பாயின் உதட்டுக்குப் பக்கத்தில் போகிற பொருளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தெரியாமல் செய்தார்களா? அதுவும் இல்லை, சார். இந்தியத் தட்பவெப்பத்தை மசகு தாங்குமா என்று பார்க்க 1853-ல் இங்கிலாந்திலிருந்து கொஞ்சம் தோட்டாக்கள் வந்தன. அந்த டிசம்பரிலேயே கர்னல் டக்கர் என்கிற அட்ஜுடன்ட் ஜெனரல் ராணுவ வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். மசகில் ஜாதி, மத உணர்வைப் புண்படுத்தும் பொருள் எதுவும் இல்லை என்று தெரிந்தாலொழிய இவற்றை இந்தியப் படைகளிடம் சோதனைக்குக் கொடுக்க வேண்டாம் என்பது சாரம். வெள்ளைக்கார அதிகாரிதான் எழுதினார். அவருக்கு மூடநம்பிக்கை கிடையாது. சிப்பாய்களோடு பழகியவர், அவ்வளவுதான். கடிதம் காகிதக் கட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. சோதனை நடந்தது. வெயிலில் மசகு உருகுகிறதா என்று பார்த்தார்கள். யாருடைய மனசு உருகும் என்று பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1857 ஜனவரி. கல்கத்தா பக்கத்தில் டம்டம். ஆயுதக் கிடங்கில் வேலை செய்கிற ஒரு கலாசி, கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவன், ஒரு பிராமணச் சிப்பாயிடம் சொம்பில் தண்ணீர் கேட்கிறான். சொம்பு தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுக்கிறான். 'உன் ஜாதி இன்னும் எத்தனை நாளைக்கு? பசுவும் பன்றியும் சேர்ந்த தோட்டாவைத்தானே கடிக்கப் போகிறாய்' என்கிற மாதிரி கலாசி திருப்பிக் கொடுக்கிறான். இதைக் கேப்டன் ரைட் என்பவர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அப்படித்தான் விஷயம் பதிவானது.

இந்தக் காட்சியை நம் சரித்திரப் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. எனக்குத் தாண்ட மனசில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்த அந்தச் சிப்பாய்க்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் தீட்டு, அவன் கேவலம். ஆனால் கவனியுங்கள். கவர்னர் ஜெனரலுக்குத் தெரியாததை, கிடங்கு அதிகாரி கேட்காததை, அந்தக் கலாசி பேசினான். கிடங்கில் கைவேலை செய்கிறவன் அவன். அவனிடம் யாராவது அதிகாரி ஒரு நாள் போய், 'ஏம்ப்பா, இந்தக் கொழுப்பு எங்கேர்ந்து வருது?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிப்பாய்க்கு அவன் தீட்டு. அதிகாரிக்கு அவன் கண்ணிலேயே படாதவன்.

அப்புறம் கம்பெனி அவசர அவசரமாகச் செய்ததெல்லாம் காமெடி. ஜனவரி கடைசியில் ஓர் உத்தரவு: மசகு தடவாத தோட்டா கொடுக்கிறோம், பஜாரில் உங்களுக்குப் பிடித்ததை வாங்கி நீங்களே தடவிக்கொள்ளுங்கள். நல்ல யோசனை. நாலு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய யோசனை. உடனே வடக்கே இருந்து இன்னொரு அதிகாரி தடுக்கிறார். ரைபிள் கம்பெனிகளில் ஆட்டுக்கொழுப்பும் மெழுகும் கலந்த மசகைத்தான் ஏற்கெனவே உபயோகித்து வருகிறார்கள், இப்போது போய் 'நீங்களே தடவிக்கொள்ளுங்கள்' என்றால் இருக்கிற தோட்டா மேலேயும் சந்தேகம் வரும் என்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரையும் அறியாமல் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். பிரச்னையில்லாத மசகு ராணுவத்திலேயே இருந்திருக்கிறது! புதுத் துப்பாக்கிக்கு அதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

பிறகு, பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று டிரில்லை மாற்றினார்கள். அதற்குள் சந்தேகம் மசகைத் தாண்டிக் காகிதத்துக்கு ஏறிவிட்டது. காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது, அதிலேயே கொழுப்பு இருக்கிறதோ? மார்ச் 29 பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 8 தூக்கு. ஏப்ரல் 24 மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 90 பேரை நிறுத்தித் தோட்டாவை வாங்கச் சொன்னார்கள். 85 பேர் தொடவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் அன்றைக்கு நீட்டப்பட்டது புதுத் தோட்டாவே இல்லை, பழைய மாதிரி. ஆனால் யார் நம்புவார்கள்? ஒருமுறை 'தெரியாது' என்று சொன்னவன் அடுத்தமுறை 'இல்லை' என்றால் எடுபடாது. 85 பேரையும் அணிவகுப்பு மைதானத்தில் எல்லார் முன்னாலும் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். அடுத்த நாள் மே 10. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

மசகு மட்டுமேதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவத் ராஜ்ஜியத்தைப் பிடுங்கியது, படிகளைக் குறைத்தது, கடல் தாண்டிப் போகச் சொன்னது, நிலவரி எல்லாம் இருந்தன. ஆனால் அத்தனை கோபத்துக்கும் ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. அதைக் கம்பெனியே செய்து, மெழுகு கலந்து, பாக்கெட் போட்டுக் கொடுத்தது.

இந்த இடத்தில் நான் இன்னொரு கோஷ்டியோடும் சண்டை போட வேண்டும். 'பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் வேண்டுமென்றே தடவினார்கள், நம்மை மதம் மாற்ற வெள்ளைக்காரன் செய்த சதி' என்று மைக்கைப் பிடித்து முழங்குகிறவர்கள். மன்னிக்கவும், சதிக்கு ஆதாரம் இல்லை. சதி செய்ய அக்கறை வேண்டும். சிப்பாயின் மதத்தைக் கெடுக்க வேண்டும் என்றாவது யோசித்திருந்தால் அவனைப் பற்றி யோசித்ததாக அர்த்தம். இவர்கள் யோசிக்கவே இல்லை. அது சதியைவிட மோசம் என்பது என் கட்சி. சதிகாரனைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம். 'எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை' என்கிறவனை என்ன செய்வீர்கள்?

கம்பெனிக்குப் பாடம் ஏற்கெனவே நடத்தப்பட்டிருந்தது. நடத்தியது நம் பாலாறு. திருமுக்கூடலிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால் வேலூர். 1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்துக்குப் புது உத்தரவு: நெற்றியில் ஜாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு. கூடவே ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோல் குஞ்சம். என்ன தோல்? அதே கேள்வி! அதே பசு, அதே பன்றி. 1806-ல் தலைப்பாகை வேண்டாம் என்று சொன்ன சிப்பாய்களுக்குக் கிடைத்தது பதில் அல்ல. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி என்று தீர்ப்பு. ஜூலை 10 விடிகாலை வேலூர்க் கோட்டையில் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி வந்து திருப்பிக் கொன்ற கணக்கு பல நூறு. கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. (அதே பென்டிங்க் பின்னால் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். அரசாங்க உத்தியோகம்!)

ஆக, 1806-ல் என்ன தோல். 1857-ல் என்ன கொழுப்பு. ஐம்பது வருஷத்தில் ராணுவம் துப்பாக்கியை மாற்றிக்கொண்டது. கேட்டால் அடிப்பது என்கிற பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணி பெயரில் பெரிய அறிக்கை வந்தது. உங்கள் மத நம்பிக்கையில் தலையிட மாட்டோம் என்று. காண்டிராக்டில் எழுத வேண்டிய ஒரு வரியை அரண்மனை லெட்டர்பேடில் எழுத வேண்டி வந்தது.

'அதெல்லாம் பழங்கதை சார்' என்றார் நண்பர், பட்டிமன்றம் முடிந்து காபி குடிக்கும்போது.

1983-ல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்துவிட்டார்கள் என்று நாடே அமளிதுமளிப்பட்டதே, அதுவும் பழங்கதையா? சரி, புதுக்கதை சொல்கிறேன். 2016-ல் பிரிட்டனில் புது 5 பவுண்டு பிளாஸ்டிக் நோட்டு வந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் துளியூண்டு டாலோ இருப்பது தெரிந்தது. அதே டாலோ! சைவக்காரர்களும் சில இந்துக் கோயில்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்து என்ன செய்தது? ஆமாம், இருக்கிறது என்று பட்டென்று ஒப்புக்கொண்டது. ஜனங்களிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களில் 88 சதவிகிதம் பேர் மிருகப் பொருள் வேண்டாம் என்றார்கள். அப்புறம் 2017 ஆகஸ்டில், செலவு, பாமாயிலால் வரும் சுற்றுச்சூழல் பிரச்னை என்றெல்லாம் காரணம் காட்டி, டாலோவையே தொடரப்போவதாக அறிவித்துவிட்டது. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் ஒருவர் கன்னத்திலும் அறை விழவில்லை. என்ன பொருள் என்று சொன்னார்கள், கேட்டார்கள், காரணத்தை எழுதினார்கள். வேண்டாதவன் சில்லறையாக வாங்கிக்கொண்டு போகலாம்.

துப்பாக்கிக்காரர்களே இன்றைக்குத் தேவலை. இப்போது காகிதத் தோட்டா கிடையாது, பித்தளைக் கூடு. வெளிநாடுகளில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் சுட்ட கூட்டை எறியாமல் மறுபடி உபயோகிக்கிறார்கள். விரிந்த கூட்டை அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது சிக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே மசகு தடவுகிறார்கள். அதில் பேர்போன சரக்கு லானோலின். செம்மறி ரோமத்தில் இருக்கிற மெழுகு, ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. விளக்கெண்ணெய் சேர்க்கிறவர்களும் உண்டு. திருமுக்கூடல் கல்வெட்டின் ஆமணக்கு, தாத்தாவின் வண்டி மை, இந்தப் பித்தளைக் கூடு, எல்லாம் ஒரே எண்ணெய். எது நல்லது என்று அவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். போடட்டும். டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுகிற சண்டை ஆரோக்கியமானது.

நண்பர் விடவில்லை. 'இப்பதான் எல்லா பாக்கெட்லேயும் பச்சைப் புள்ளி வந்தாச்சே சார், அப்புறம் என்ன?' என்றார். சாப்பாட்டுப் பாக்கெட்டில் வந்துவிட்டது, வாஸ்தவம். அவருக்கு மூட்டுவலி. வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி ஓர் அட்டை காப்ஸ்யூல் வாங்கினார். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற மருந்து எத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. வெளிக்கூடு ஜெலட்டின். பொதுவாக மாட்டு எலும்பு, மாட்டுத் தோல், பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. நண்பர் கார்த்திகை மாசம் முழுக்க வெங்காயம்கூடத் தொடாதவர்.

'இந்தக் கூடு எதுலேர்ந்து செய்யறதுங்க?' என்று கடைப் பையனைக் கேட்டேன்.

பையன் அட்டையை வாங்கிப் பார்த்தான். உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்தான்.

'தெரியல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல' என்றான். நண்பர் பர்ஸை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.